கடலைச் சுருள்

அட்டன் பஸ் நிலையத்தில் வாங்கிய கடலை.
தின்று முடித்துச் சுருளைப் பிரித்தால்
உள்ளே ஒரு முகம்.

ப. பூமயில். மேற்பிரிவு, ஆறாம் லயம்.
அடையாள அட்டை நகல்;
எண்களின் மேல் எண்ணெயும் உப்பும்.

சிம் வாங்கவோ தோடு அடகு வைக்கவோ
கொடுத்திருப்பாள்.
வாங்கியவன் பழைய கடதாசியோடு
எடைக்குப் போட்டிருப்பான்.

போன மாசம் எங்கள் லயத்துக்கு ஆள் வந்தது,
சன்னாசி வாங்காத மோட்டார் சைக்கிளுக்குத்
தவணை கேட்டு.
"கையெழுத்து என்னுது இல்லீங்க."
"நம்பர் உன்னுதுதானே?"

இந்த நம்பருக்காகத்தான்
எங்கள் ஆட்கள் கச்சேரி வாசலில்
மழையென்றும் பாராமல் நின்றது.

பூமயிலைப் பொடிப்பொடியாய்க் கிழித்தேன்,
இலக்கம் இலக்கமாய்.
முகத்தில் மட்டும் கை நின்றது.
கொஞ்சம் சிரித்திருந்தாள்,
படம் பிடிப்பவன் வேண்டாமென்றும் கேளாமல்.

பிறகு கொமினிகேஷனில்
என் நகலின் குறுக்கே
பேனா அழுந்த எழுதினேன்:
வங்கிக் கணக்குக்கு மட்டும். இன்றைய திகதி.

"மூஞ்சி மேலயே கோடு போகுதே அக்கா,"
கடைப்பிள்ளை சிரித்தாள்.

போகட்டும்.
அந்தப் பழுதான பிரதியையும்
மெஷின் கண்ணாடிக்கு அடியில் கிடந்த அட்டையையும்
கேட்டு வாங்கிக்கொண்டுதான்
பஸ் ஏறினேன்.