இடப்பக்கம்

மூன்றாம் ஷிப்ட் முடிந்து
குடிகாட்டிலிருந்து கிளம்பும் கம்பெனி பஸ்ஸில்
தூங்காதவர்கள் ஐந்து பேர்.
கடைசி இரண்டு வரிசை எங்களுடையது.

வெள்ளிக்கிழமை பென் டிரைவ் கைமாறும்.
சட்டம் ஒன்றுதான் என்போம், எண்ணினால் மூன்று வரும்:
முழு ஆல்பமாகத் தரவேண்டும்.
வரிசை மாற்றாமல் கேட்கவேண்டும்.
அடுத்த வெள்ளி "நல்லாருக்கு" என்று மட்டும்
சொல்லித் தப்பிக்கக்கூடாது.

பாய்லர் கலியபெருமாள் தருவது நாகஸ்வரம்.
ஒரே ராகம், ஐம்பத்திரண்டு நிமிஷம்.
"அவசரக்காரன் இதுக்குள்ள போகாதே" என்பார்,
எல்லாரையும் இடித்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர்.

சோனங்குப்பத்து அஞ்சாப்புலி தந்தது
நார்வேக்காரர்களின் மெட்டல்.
பாதியில் நிறுத்திவிட்டேன், கத்துகிறான் என்று.
"கத்தலண்ணே.
எதிர்க்காத்துல பக்கத்து போட்டுக்குக் குரல் குடுக்கறான்."
அதற்குப் பிறகு
எனக்கு அது வேறு மாதிரி கேட்பதே இல்லை.

ஷேக் தாவூது கவ்வாலி தவிர வேறெதுவும் தரமாட்டார்.
கைதட்டல் வரும் இடத்தில்
முன்சீட்டுக் கம்பியில் அவரும் தட்டுவார்.
யாரோ இறங்கவேண்டுமென்று
டிரைவர் வண்டியை நிறுத்துவார்.

லேப் ஜெயக்கொடி
ஒரு வாரம் செல்லோ, மறுவாரம் மாலி தேசத்துக் கிடார்,
அதற்கடுத்த வாரம்
யாரோ ஏதோ ஊரில் மழையை மட்டும் பிடித்துவைத்தது.
பெயர் எழுதமாட்டாள்.
சாம்பிள் பாட்டிலில் ஒட்டுகிற சீட்டு,
அதில் தேதி.

நான் கம்ப்ரஸர் ஹவுஸ். பதினொரு வருஷம்.
என்னிடம் இருந்தது ஒரு கானா ஆல்பம்.
திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில்
ஒரே ராத்திரியில் பதிவு செய்தது.
நூறு தடவையாவது கேட்டிருப்பேன்,
அதனால்தான் தரவே கூச்சம்.

ஜெயக்கொடி திருப்பித் தந்தபோது சொன்னாள்:
"பாட்டை விடுங்க.
பின்னால ஒரு குழந்தை அழுதுகிட்டே இருக்கே,
அது தூங்கணுமேன்னு முழுசும் கேட்டேன்."

குழந்தையா?
எந்தக் குழந்தையும் இல்லை அதில்.
ஆர்மோனியம் இருக்கிறது, பாடுகிறவர் இருமுவது இருக்கிறது,
மைக்கை யாரோ தட்டுவது இருக்கிறது.
"இருக்கு" என்றாள்.
"இருக்குண்ணே" என்றான் அஞ்சாப்புலி.
ஷேக் தாவூது தலையை மட்டும் ஆட்டினார்.

கெடிலம் பாலத்தில் பஸ் ஏறும்போது
என் இயர்போனைக் கழற்றி
இடதை வலதுக்கும்
வலதை இடதுக்குமாக மாற்றிச் செருகினாள்.

ஆர்மோனியம் போய்விட்டது.
இருமல் போய்விட்டது.
தட்டு அடுக்கும் சத்தம், ஒரு பெண் "ஸ்ஸ்ஸ்" என்பது,
நடுவே
வீல் வீலென்று ஒரு பிள்ளை.

இத்தனை வருஷம் அது அங்கேதான் அழுதிருக்கிறது.

யாரும் பேசவில்லை.
கலியபெருமாள்தான் கேட்டார்,
"காதுமூடி போடறதில்லையா நீ?"
போடுகிறேன்.
இடப்பக்கம் பஞ்சு கிழிந்து மூன்று வருஷம்.
இண்டென்ட் நாலு போயிருக்கிறது.
"பென்டிங்" என்றேன்.
அதற்குச் சிரிக்கக்கூடாதுதான்.
எல்லாரும் சிரித்தோம், நான் முதலில்.

மறுவெள்ளி அவள் தந்த பென் டிரைவில்
தேதிக்குக் கீழே ஒரு வரி:
"ரெண்டு பக்கமும் ஒண்ணா."
அதே கல்யாணம்.
இடமும் வலமும் ஒன்றின்மேல் ஒன்றாக,
மண்டபம் மொத்தமும் என் வலது காது வாசலில்
நெருக்கியடித்துக்கொண்டு நின்றது,
ஆறு மணிக்கு ஷிப்ட் மாறும்போது
கேட்டில் நிற்போமே அப்படி.
ஆர்மோனியத்தின் மேல் தட்டு விழுகிறது.
இருமலுக்குப் பதிலாகப் பிள்ளை அழுகிறது.
முன்பு எவ்வளவு விசாலமாக இருந்தது அந்த ஆல்பம்!
கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

இரண்டு ராத்திரி கேட்டேன்.

இன்று வெள்ளி.
"என்ன சொல்றீங்க?" என்றாள்.
நாலாவது பாட்டில் குழந்தை தூங்கிவிட்டதாம், அவள் கணக்கில்.

இல்லை என்றேன்.
நாலாவதில் பால் குடிக்கிறது.
தூங்குவது அஞ்சாவதில்.