ஏழாம் அத்தியாயம்

அருளையாவின் வாழ்க்கையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.
முத்தையன்கட்டுக் குளத்தில் நீர்மட்டம் பார்த்தவர்.
இரண்டு தொகுப்பு, எழுபத்தொரு கவிதை,
ஒரு சம்பளச் சிட்டை, மூன்று கடிதம்.
மற்றதெல்லாம் ஒரு ட்ரங்குப் பெட்டியோடு போனது.
எந்த இடத்தில் என்று கேட்டால்
மூன்று பேர் மூன்று ஊர் சொல்கிறார்கள்.

அவருடைய வரி ஏன் இவ்வளவு குறுகியது என்று
கொழும்பிலிருந்து ஒருவர் பதினெட்டுப் பக்கம் எழுதியிருந்தார்.
மூச்சுத் திணறிய காலத்தின் வடிவமாம்.
வாசித்துவிட்டுச் சிரித்தேன்.
எனக்குத் தெரியும் அந்த அகலம்.
சங்கக்கடைப் பற்றுச்சீட்டின் மறுபக்கம்
மூன்று விரற்கடை.
மேலே ஒரு சொல் வைத்தால்
மை ஊறிப்போய்
சீனியிலும் பருப்பிலும் முட்டும்.

ஜாம் போத்தல் விளக்கில்
ஒரு மூடி மண்ணெண்ணெய்க்கு ஒன்பது வரி.
பத்தாவதை இருட்டில் வாய்க்குள் வைத்திருந்து
விடியத்தான் எழுதலாம்.
விடிந்தால் அது இராது.
அவர் கவிதைகளில் பாதிக்கு மேல்
ஒன்பதாம் வரியில் அணைந்துவிடுகின்றன.
எண்ணெய்க்கு வரிசையில் நின்றவனுக்கு
எண்ணிப் பார்க்கத் தேவையில்லை.

இப்படியே ஆறு அத்தியாயம் ஓடியது.
பாலைப்பழப் பால் உதட்டில் ஒட்டுவது,
வைக்கோல் அடைத்த டயரில் சைக்கிள் தடக்குவது,
எல்லாம் என் கையிருப்பு.
ஒருவரிடமும் கேட்கவில்லை.

ஏழாவது, இடம்பெயர்வு.
ஒரே இரவில் எழுதினேன்.
சுதந்திரபுரத்தில் மழை.
ஒரு பதுங்குகுழி வாசலில் அருளையா குனிந்து
ஒரு பிள்ளையின் செருப்பை எடுக்கிறார்.
நீலம். இடது கால். வார் அறுந்தது.
சேறு வழித்து
சட்டைப் பைக்குள் வைக்கிறார்.

வலதுகரையில் அவர் மனைவி தவமலர்
முற்றத்தில் கச்சான் காயவிட்டிருந்தா.
வாசித்துக் காட்டினேன்.
கோது உடைக்கிற சத்தம்
ஒரு இடத்தில் நின்றது.

'இவருக்கு அப்ப நடக்கேலாது தம்பி.
உழவு மெசின் பெட்டிக்குள்ள படுத்திருந்தவர்.
குனியிறதெங்க?
அண்டைக்கு மழையும் இல்லை.'
பிறகு என்னைப் பாராமல்,
'ஆற்ற செருப்பு அது?'

நானும் ஒரு கச்சானை எடுத்தேன்.
உடைத்தேன்.
உள்ளே இரண்டு பருப்பு.

அவ திரும்பக் கேட்கவில்லை.
தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து
தானாகவே சொன்னா:
'வழி நெடுகக் குளத்துக் கணக்குச் சொன்னவர்.
பதினெட்டடி நாலங்குலம்.
பதினெட்டடி மூண்டங்குலம்.
குளம் எங்கையோ, நாங்கள் எங்கையோ.
எனக்கு விசர் பிடிச்சுது.
வாயை மூடுங்கோ எண்டு பேசிப்போட்டன்.'

இது எனக்குத் தெரியாது.
அதே ரோட்டில்தான் நானும் போனேன்.
அந்தப் பெட்டி என்னைத் தாண்டிப் போயிருக்கவும் கூடும்.

அடுத்த நாள் துருசடிக்குப் போனேன்.
கல்லில் கறுப்புக் கோடுகள், வெள்ளை இலக்கங்கள்.
இலக்கத்தில் அலை ஏறி ஏறி இறங்குகிறது.
எது மட்டம் என்று பிடிபடவில்லை.
காவலுக்கு நின்ற பெடியன் சொன்னான்:
'அலை போற வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்கோணும் அண்ணை,
ரெண்டுக்கும் நடுவில எடுக்கோணும்.'
நின்றேன். வெயில் ஏறிவிட்டது.
நான் எடுத்த கணக்கு பிழை என்றான்.

ஏழாம் அத்தியாயம் இப்போது ஒன்றரைப் பக்கம்.
ஒரு பெட்டி, ஒரு மனிதர்,
குறைந்துகொண்டே போகும் ஒரு இலக்கம்,
பேசிப்போட்டு அழுத ஒரு மனைவி.
அழுததை அவ சொல்லவில்லை.
அந்தச் சொல்லை வெட்டினேன்.

செருப்பை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன்.
அதற்கு வேறு கொப்பி வேண்டும்.
திறப்பேனோ தெரியாது.

போன கிழமையும் வலதுகரைக்குப் போய்வந்தேன்.
கச்சான் கட்டித் தந்துவிட்டா.
அந்த ஒன்பது வரியைப் பற்றி,
மண்ணெண்ணெயைப் பற்றி,
இன்னும் நான் அவவிடம் கேட்கவில்லை.