சோத்துக்கைப் பக்கம்

பள்ளியில் தந்த தாள்
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.
ஜனவரி. நாளுக்கு ஒரு கட்டம்.
காலையில் வெளியே எத்தனை டிகிரி என்று பார்த்து
நன்முல்லை எழுத வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மைனஸ் முப்பத்தொன்று.
சாஸ்கடூனில் மூக்குக்குள் முடி உறைகிற குளிர்.
அவள் மைனஸ் பதிமூன்று என்று எழுதினாள்.
மூன்றும் முதுகைக் காட்டி நின்றது.
அவள் கணக்குப்படி அன்று
காது மூடாமலே போயிருக்கலாம்.

"ஏழு வயசு வரைக்கும் நிறையப் பிள்ளைகள் இப்படித்தான்,
அவசரப்பட வேண்டாம்" என்றார் மிஸ் ஓலீனிக்.
தலையாட்டிவிட்டு வந்து
இரவு பூராவும் செல்போனில் தேடினேன்.
தேடுகிறவனுக்கு நோய்களா இல்லை?
எனக்குக் கிடங்கில் பெட்டி எண்களைச் சரிபார்க்கிற வேலை.
ஓர் இலக்கம் இடம் மாறினால்
யாரோ ஒருவரின் அடுப்பு ரெஜைனாவுக்குப் போய்விடும்.

தாம்பாளத்தில் ரவையைப் பரப்பினேன்.
விரலால் எழுது. அழி. எழுது.
"உப்புமாவுக்குக் கொஞ்சம் விட்டு வைங்க"
என்றாள் செல்வராணி.

"மூணுக்கு ரெண்டு தொப்பை.
தொப்பை எந்தப் பக்கம்?"
"சோத்துக்கைப் பக்கம்."
"எங்கே, போடு."
சோத்துக்கை சோத்துக்கை என்று முணுமுணுத்தபடியேதான் போட்டாள்.
தொப்பை மறுபக்கம் விழுந்தது.
மூன்று வாரம்.
ஒருநாள் கத்திவிட்டேன்.
அதை எழுதாமல் விட்டால் இது பொய்க் கவிதை.
அவள் அழவில்லை.
பென்சிலை மேசை விளிம்போடு ஒட்டி நேராக வைத்துவிட்டு
எழுந்து போனாள்.

வியாழன் இரவு ரசம் சாதம்.
எதிரே உட்கார்ந்து
சும்மா அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடக்கையில் கரண்டி.

பிடிக்கத் தெரிந்த நாளிலிருந்து
அந்தக் கையில்தான் கரண்டி.
ஊரிலிருந்து யாராவது வீடியோவில்
"கையை மாத்தச் சொல்லு" என்றால்
சண்டைக்குப் போகிறவனே நான்தான்.

சொன்ன பக்கம்தான் போயிருக்கிறாள்.
மூன்று வாரமும்,
ஒரு தடவைகூடத் தப்பாமல்.

"சாரிம்மா" என்றேன்.
"எதுக்குப்பா?"
"தொப்பைக்கு."
சிரித்ததில் ரசம் புரையேறிவிட்டது.

இப்போது எங்கள் வீட்டில் சோத்துக்கை கிடையாது.
மேசையில் அவள் இடத்துக்கு வலப்புறம் ஜன்னல்.
தொப்பை ஜன்னலைப் பார்க்கணும், அவ்வளவுதான்.
மூன்று திரும்பிக்கொண்டது.
வகுப்பில் ஜன்னல் எந்தப் பக்கமோ,
மிஸ் ஓலீனிக்கிடம் கேட்க வேண்டும்.

முப்பத்தொன்று ஏன் பதிமூன்றானது என்று
அப்புறம்தான் கேட்டேன். கேட்கவும் தோன்றியிருக்கவில்லை.
"தர்ட்டீன்ல மூணு முதல்ல கேக்குது,
ஆனா ஒண்ணுதான் முதல்ல எழுதணும்னு சொன்னாங்க.
தர்ட்டி ஒன்லயும் மூணுதானே முதல்ல கேக்குது?"
என்னிடம் பதில் இல்லை.
"தமிழ்ல சொல்லிப் பாரு" என்றேன்.
முப்பத்து, ஒன்று.
பதின், மூன்று.
காதில் விழுகிற வரிசையிலேயே விரலும் போனது.
அதற்காக நான் கொஞ்சம் அதிகமாகவே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமைக் கட்டத்தைத் திருத்த
ரப்பரை எடுத்தவன் வைத்துவிட்டேன்.
ஒரு நாளாவது
பதினெட்டு டிகிரி கதகதப்பாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்று காலை மைனஸ் இருபத்தேழு.
எழுதிவிட்டுக் கூப்பிட்டாள்.
இரண்டும் ஏழும்
கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்க்கின்றன.
"இதுங்க ரெண்டும் அந்தப் பக்கம் பாக்கக் கூடாதுடா" என்று தொடங்கினேன்.

"முயல் வந்திருக்குப்பா," என்றாள்,
"அதுங்களும் பாக்கட்டும்."

வேலியோரம், பனிமேல் பனிபோல,
காது மட்டும் நுனியில் கறுப்பாக.
நானும் பார்த்தேன்.