இடது பக்கம்

அப்புத்தளைக் கடைத்தெருவில்
மேகம் கதவைத் தட்டுவதில்லை.
நேரே வந்து தையல் மிஷினின் காலடியில் உட்கார்ந்துகொள்ளும்.
அப்படித்தான் அவளும் வந்தாள்,
நனைந்த மழைக்கோட்டும் ஒரு துணிப்பொட்டலமுமாக.

பெயர் ட்சிப்போரா.
வாயில் நுழையவில்லை. சிப்பாரம்மா என்றேன்.
அவள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும்
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மேடேறின.

பொட்டலத்துக்குள்,
வெள்ளிக்கிழமை இரவு ரொட்டியை மூடுகிற துணி.
நடுவில் நீலநூலில் இரண்டு முக்கோணம்,
ஒன்று நிமிர்ந்து, ஒன்று கவிழ்ந்து.
கவிழ்ந்தது பாதி பிரிந்து தொங்கியது.

"இது முருகனுடையது" என்றேன்.
"மூலைக்கு ஓர் எழுத்து, ஆறு மூலை.
கதிர்காமம் போகிறவர்களுக்கு எத்தனை கொடியில் தைத்திருக்கிறேன்!"
"எங்களுடையதும்தான்.
எப்போதிருந்து என்று மட்டும் கேட்காதே."

கேட்டேன்.

தாவீது ராஜாவின் கேடயம் என்பார்களாம்;
வேதத்தில் அப்படி ஒரு வரி கிடையாதாம்.
ஆலயத்தில் எரிந்தது ஏழு கிளை விளக்கு,
நட்சத்திரம் அல்ல.
கலிலேயாவில் இடிந்த ஜெபக்கூடம் ஒன்றில்
மாதுளைக்கும் திராட்சைக்கும் பக்கத்தில்
இதுவும் ஒரு பூவேலை, அவ்வளவுதான்.
தாயத்து எழுதினவன் பேய்க்குப் பயந்து கீறினான்.
முஸ்லிம் கொத்தனும் கிறிஸ்தவத் தச்சனும்
அழகாயிருக்கிறதே என்று கீறினார்கள்.
பிராக் நகரத்து யூதர்கள் கொடியில் ஏற்றினார்கள்.
வெகுகாலம் கழித்துத்தான்
சிலுவைக்காரர்களிடம் ஒன்று இருக்கிறதே, நமக்கு எது என்று
எல்லா ஊரிலும் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

"அர்த்தம்?"

"ஆறு முனை ஆறு நாள், நடு ஓய்வுநாள் என்பார்கள்.
ஏறுவது மனிதன், இறங்குவது கடவுள் என்பார்கள்.
வீட்டைக் கட்டிக் குடியேறின பிறகு
வாசலில் எழுதின பெயர் எல்லாம்."

அவள் தாய்மாமன் எமில்
சண்டைக்காலத்தில் தியத்தலாவை முகாமில் கம்பிக்குள் இருந்தான்.
நாஜிகளுக்குத் தப்பி ஓடிவந்தவனை
ஜெர்மன்காரன் என்று பிடித்து அடைத்தார்கள்.
அங்கே வந்தது தங்கையின் கடிதம்.
செஞ்சிலுவைத் தாள், இருபத்தைந்து சொல்லுக்கு மேல் கூடாது.
*நலம். நட்சத்திரம் தைக்கிறேன். மூன்று கோட்டு.
ஒன்று பத்துப் பென்னி. மஞ்சள். இடது பக்கம்.*
ஊசி குத்தி வைத்தால் தண்டனை,
இறுக்கித் தைக்க வேண்டும்.

பிறகு கடிதம் இல்லை.

"நூலுக்கும் அவர்களேதான் காசு கொடுத்தார்களா?"
எனக்குக் கேட்கத் தோன்றியது இவ்வளவுதான்.
தலையசைத்தாள்.

என்னிடமும் ஒன்று இருந்தது.
மண்டபம் கேம்பில் எங்கள் ஆட்களின் கழுத்தில் கட்டிய தகரத்துண்டு.
தோட்டத்துக்கு ஒரு குறி, ஆளுக்கு ஒரு நம்பர்.
சொல்லவில்லை.
கொழுந்து மாதிரி தராசில் தொங்கவிட்டு
எது கனம் என்று பார்க்கிற காரியமா அது?
அந்தத் தகரத்தை நாங்கள் கொடியில் போடவில்லை.
தொலைத்தோமோ எறிந்தோமோ, யாருக்கும் ஞாபகம் இல்லை.
அவர்களோ மஞ்சளைப் பிரித்தெறிந்துவிட்டு
நீலத்தில் மறுபடி தைத்துக்கொண்டார்கள்.
"இப்போது அந்தக் கொடியைக் கண்டு நடுங்குகிறவர்களும் உண்டு,"
அவளேதான் சொன்னாள்,
ஜன்னலைப் பார்த்தபடி. ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை.

மிஷினுக்கு எண்ணெய் விட்டேன்.
பிறகு மிஷின் வேண்டாமென்று கையூசி எடுத்தேன்.
அப்போதுதான் பார்த்தேன்:
ஒன்றின்மேல் ஒன்றை வைத்ததில்லை.
ஓரிடத்தில் மேலேறிய கோடு அடுத்த இடத்தில் அடியில் நுழைகிறது,
கூடைப் பின்னல் போல.
ஒன்றை உருவ வேண்டுமானால்
மற்றதை வெட்டவேண்டும்.
காட்டினேன். இத்தனை வருஷம் கவனித்ததில்லை என்றாள்.

இருநூறு கேட்டேன். ஐந்நூறு வைத்தாள்.
மிச்சத்தைக் கொடுத்தேன்.

சாயங்கால ரயில் கூவிப்போன பிறகு
பள்ளிக்கூடப் பிள்ளை திவாகரி
வெள்ளைச் சட்டையும் பேட்ஜுமாக வந்து நின்றாள்.
"இடது பக்கம் அக்கா.
கழரவே கூடாதாம், டீச்சர் சொன்னாங்க."

ஊசி கொஞ்சநேரம் காற்றிலேயே நின்றது.
தைத்தேன்,
இழுத்தால் வந்துவிடுகிற தையலில்.