பலகையின் பின்பக்கம்

முதல் தடவை மனு கொண்டுவந்தபோது
அவர் தொப்பியில் பார்லி உமி ஒட்டியிருந்தது.
ஜூலை மாதம். கொசு. மின்விசிறி
ஐந்நூறு கையெழுத்துகளையும் பறக்கவிடப் பார்த்தது.
சட்டைப்பையிலிருந்து இரண்டு போல்ட்டும் ஒரு நட்டும் எடுத்துத்
தாள்மேல் பாரம் வைத்தார்.
ஹால்வர் ட்வெட்டன். சுயேச்சை.
மினசோட்டா மாநிலச் சட்டமன்றத்துக்கு.
தொழில் என்ற கட்டத்தில் ‘சர்க்கரைக் கிழங்கு’ என்று எழுதி
அடித்துவிட்டு ‘விவசாயி’ என்று திருத்தினார்.
கவுண்டி அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவள் நான்.
குத்தினேன்.

கையெழுத்துப் போட்டவர்களில் இருவர்
போன குளிர்காலமே போய்ச் சேர்ந்தவர்கள்.
“இருந்திருந்தால் போட்டிருப்பார்கள்” என்றார்.
சிவப்பு மையால் கோடு இழுத்தேன்.
மறுநாள் பதினெட்டு மைல் வண்டியோட்டி வந்து
உயிரோடிருக்கும் இருவரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று:
மூடிப்போன ரயில் கிளைப்பாதையைத் திறக்க வேண்டும்.
அதைப் பதினோரு நிமிடம் பேசுவார்.
வேகனுக்கு இத்தனை டாலர், புஷலுக்கு இத்தனை சென்ட்,
லாரிக்காரன் தின்றது போக மிச்சம் இத்தனை.
லூத்தரன் தேவாலயத்து நிலவறையில்
மீன் விருந்துக்கு வந்தவர்கள்
ஏழாவது நிமிடத்தில் காப்பிக்கு எழுந்துவிடுவார்கள்.
எதிராளி பேங்க்காரர். மூன்று நிமிடம்தான் பேசுவார்.
எல்லார் வீட்டு நாயின் பெயரும் அவருக்குத் தெரியும்.

ஓட்டு நவம்பரில். கிழங்கு அக்டோபரில்.
இங்கேதான் கணக்கு இடித்தது.
வீடு வீடாகக் கை குலுக்க வேண்டிய மாதத்தில்
ராத்திரி இரண்டு மணிக்கு
கிழங்கு லாரி வரிசையில் நிற்பார்.
இறங்கிப்போய், முன்னால் நிற்கிறவனின்
கண்ணாடியைத் தட்டி ஓட்டுக் கேட்பார்.
அவனோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், வட டகோட்டாக்காரன்.
அவனுக்கும் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுப்பார்.

முதலில் 1,104. அடுத்து 1,260.
மூன்றாவதில் பழையதற்கும் கீழே.
கட்டிய கட்டணம் எப்படியும் திரும்பாது;
அதோடு போனது டீசல்,
டிராக்டர் கியர்பாக்ஸுக்கு எடுத்துவைத்த பணம்.
தோற்ற மறுநாள் தவறாமல் வருவார்,
சாவடிவாரியான முடிவுக்கு நகல் கேட்டு.
தாளுக்கு இருபத்தைந்து சென்ட். சில்லறையாகவே கொடுப்பார்.

நான்காவது தடவை,
சொந்தச் சாவடியில் முப்பத்தெட்டு ஓட்டில் முப்பத்தேழு.
விரல் அந்த வரியிலேயே நின்றது.
“யார்?” என்றார்.
“அது ரகசியம், ட்வெட்டன். சட்டம்.”
“சட்டம்தான்” என்று மடித்துப் பையில் வைத்தார்.
அந்தக் குளிர்காலம் முழுக்க
மச்சினன் ஆர்ன்வித்திடம் அவர் பேசவில்லை என்று கேள்வி.

ஏப்ரலில் வண்டி உரிமம் புதுப்பிக்க வந்த போர்கில்ட்
கையுறையைக் கழற்றாமலே சொன்னாள்:
“சட்டமன்றம் ஜனவரியிலிருந்து மே வரை.
என் மாடுகள் கன்று போடுவதும் அப்போதுதான்.
பனியில் பாதி வந்த கன்றை
நான் ஒருத்தி எப்படி இழுப்பேன், சொல்?”
நான் உரிமத்தில் முத்திரை குத்தினேன்.
அவள் மனைவி. நான் குமாஸ்தா.

ஐந்தாவது தடவைதான் படுதோல்வி.
கவுண்டி முழுவதும் எண்ணூறுகூடத் தாண்டவில்லை.
சொந்தச் சாவடியில் மட்டும்
முப்பத்தாறுக்கு முப்பத்தாறு.
வந்தார். அந்த ஒரு தாளை மட்டும் வாங்கினார்.
போர்கில்ட் இதுபற்றி எதுவும் சொன்னதில்லை.
நானும் கேட்கவில்லை.

போன மாதம் நில வரைபடம் ஒன்று கொடுக்க
அவர்கள் பண்ணைக்குப் போனேன்.
ரயில் பாதை இருந்த மேட்டில் புல்.
கன்றுக் கொட்டில்களின் கூரையெல்லாம்
பழைய பிரசாரப் பலகைகள்; வெளியே வெறும் மரம்.
குனிந்து உள்ளே பார்த்தேன்:
கன்றின் தலைக்கு மேலே தலைகீழாக
ட்வெட்டன், ட்வெட்டன், பாதி ட்வெட்டன்.
“பெயரை ஏன் உள்பக்கம் வைத்தீர்கள்?” என்றேன்.
வைக்கோலை உதறிக்கொண்டே சொன்னார்,
“வெளியே வைத்தால் மழையில் பெயின்ட் போய்விடும்.”