பிறவி வளைவு

கானாடுகாத்தானில் விடுதி நடத்தும் வயிரவன்
டோக்கன் எடுக்காமல்
எக்ஸ்ரே அறை வாசலில் வந்து நின்றார்.
கையில் ஒரு போட்டோ.
பழைய சாமான் கடையில்
பித்தளைக் கூஜாவுக்குள் சுருண்டு கிடந்ததாம்.
"ஜப்பான்காரன் ஏரோப்ளேன்.
பர்மாவுல விழுந்தது.
கீழே எழுதி மாட்டணும்,
நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லுங்க."

எனக்கு இப்படி ஒரு பைத்தியம் உண்டென்று
காரைக்குடியில் சிலருக்குத் தெரியும்.
பகலில் முழங்கால், முதுகெலும்பு.
இரவில் இறக்கை, வால்.
வெளிச்சத்துக்கு நேரே பிடித்து
எது எங்கே விட்டுப்போனது என்று பார்ப்பேன்.

பிடித்தேன்.

வறண்ட கண்மாய். கலிங்குக் கல்.
வயிறு பதிந்து கிடக்கும் விமானம்.
ஆறு பேர் இறக்கைமேல், ஒருவர் வால்பக்கம் சாய்ந்து.
அசையாதீங்க என்று எவரோ சொல்லியிருக்கிறார்.
நாய் மட்டும் கேட்கவில்லை,
அதற்கு இரண்டு தலை.

"மண்ணைப் பாருங்க, கறுப்பு.
நம்ம ஊரா இது?"
வாயையும் பாருங்கள் என்றேன்.
ஏழு பேருக்கும் உதடு கறுப்பு.
வெற்றிலை.
அந்தக் காலத்துப் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது,
சிவந்ததெல்லாம் அதற்குக் கறுப்பு.
இது செம்மண், வயிரவன்.
நீங்கள் பைக்கில் போய்த் திரும்பும் தூரம்.

ஜப்பான் சூரியன் என்றால் அந்த வட்டமும்
உதடுகளைப்போலக் கறுத்திருக்கும்.
இதுவோ வெளிறிக் கிடக்கிறது.
நீலத்துக்குள் நீலம்.
சண்டை கிழக்கே வந்தபின்
தங்கள் வட்டத்திலிருந்த சிவப்பை
வெள்ளைக்காரர்களே அழித்துவிட்டார்கள்,
சொந்த ஆளே சுட்டுவிடக் கூடாதென்று.

அவர் முகம் விழுந்தது.
ரங்கூனில் கடை இழந்த குடும்பம்.
ஒரு ஜப்பான் விமானமாவது
நொறுங்கிக் கிடந்திருக்கலாம் அவருக்காக.

"இறக்கை ஒடிஞ்சிருக்கே, எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"
ஒடியவில்லை.
முறிவு என்றால் விளிம்பு கூராக இருக்கும்.
இது இரு பக்கமும் ஒரே இடத்தில்,
ஒரே கோணத்தில் மடங்குகிறது.
பிறவி வளைவு.
எனக்குத் தெரிந்து அப்படிப் பிறந்தது ஒன்றுதான்:
ஒற்றை எஞ்சின், இரண்டு ஆள்,
இறக்கையில் இடியாப்பத் தட்டுபோலத் துளையிட்ட தடுப்பு,
தலைகீழாகப் பாய்கையில் வேகம் குறைக்க.
வெஞ்சென்ஸ்.
"வெஞ்சனமா?" என்றார்.
அவர் விடுதியில் மதியத்துக்கு ஏழு வெஞ்சனம்.
பழிவாங்கல் என்று அர்த்தம் என்றேன்.
வெஞ்சினம் என்று சொல்லியிருக்கலாம்,
அவர் போனபிறகுதான் தோன்றியது.

எண் கிடைத்தால் ஓட்டியவர் பெயர் தேடலாம்.
எண் இருக்கும் இடத்தில்தான்
அந்த ஒருவர் சாய்ந்து நிற்கிறார்.
அவர் இடுப்புக்குப் பக்கத்தில்
ஓர் எழுத்தின் கால் மட்டும் தெரிகிறது.

பின்புறம்: தாரண ௵ மாசி ௴ ௧௪ ௳.
கணக்கெழுதிப் பழகிய கை.
என்ன நடந்தது என்று இல்லை.
போட்டோவுக்குக் கொடுத்த கூலி இருக்கிறது.

அப்புறம்தான் தோள்களை எண்ணினேன்.
ஏழு பேர், ஐந்து துண்டு.

இடது ஓரத்தில், இறக்கை நிழலில்,
தரையோடு தரையாய் இரண்டு வெள்ளை.
முகத்திலிருந்து இடுப்புவரைதான் எட்டியிருக்கிறது.
கீழே பூட்ஸ், நான்கு.
அதில் ஒன்று வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது,
தொடையெலும்பின் கழுத்து.
அதற்கு எனக்கு எக்ஸ்ரே வேண்டியதில்லை.
ஒரு துண்டின் நடுவில்
உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு.

"அது அழுக்கா?" என்றார் வயிரவன்.
பிலிமுக்கு எதெல்லாம் கறுப்பு என்று
கொஞ்சம் முன்னால்தான் சொல்லியிருந்தேன்.
அவர் மறுபடி கேட்கவில்லை.
வெளியே பாக்கியம் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் போனில்:
சட்டம் போடக் கொடுத்திருக்காராம்,
அந்த ஓரத்தை மட்டும் வெட்டிவிடலாமா,
மாட்டுவது சாப்பாட்டுக் கூடம், பாருங்க.

வெட்டுங்கள் என்றேன்.
துண்டில்லாத இருவரையும் சேர்த்து வெட்டுங்கள்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
போட்டோவைக் கையில் எடுத்திருப்பார்.
"அவங்க நடுவுலல்ல உக்காந்திருக்காங்க?"