இருபது குழாய்கள்

மண்டபம் போகும் பேருந்தில்
மடிமேல் தெர்மோகோல் பெட்டி.
மீனா, என்று கேட்டார் கண்டக்டர்.
குளவி என்றேன்.
உச்சிப்புளி வரைக்கும் பக்கத்து இருக்கை காலி.

உள்ளே இருபது கண்ணாடிக் குழாய்.
வாய்க்குப் பஞ்சு,
ஊசி முனையில் தொட்டு வைத்த தேன்.
கருந்தலைப் புழுவின் கூட்டுச் சக்கையை
நேற்றே கொஞ்சம் கிள்ளிப் போட்டிருந்தேன்,
வாசனை பழகட்டும் என்று.
போகிற இடம் தெரியாமல் யாரையும் அனுப்பக்கூடாது.

சாத்தையாவின் தோப்பு
கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறது.
கீழ்மட்டையெல்லாம் தீய்ந்த மாதிரி.
தீ இல்லை.
ஓலைக்கு அடியில் நூலாம்படை,
அதற்குள் பச்சையைச் சுரண்டும் ஓயாத வாய்கள்.

"மருந்து வாங்கியாச்சு" என்றார்
மோட்டார் ரூம் ஜன்னலைக் காட்டி.
பிறகு ஒரு குழாயை வெயிலுக்குத் தூக்கி,
"எறும்புதானேம்மா இது?"
"ரெக்கை இருக்கு."
"கொட்டுமா?"
"புழுவை."
அவருக்குச் சிரிப்பு.
சம்பளம் வந்து மூன்று மாதமான எனக்கு
வரவில்லை.

கச்சான் காற்று விழும்வரை காத்திருந்தோம்.

இவற்றுக்குத் தீனியாக நான் வளர்ப்பது
அரிசி அந்துப் புழுக்களை.
உடைத்த கம்பு போட்டு, எறும்பு அண்டாமல்,
நாற்பது நாள் கொழுக்க வைத்து
குழாய்க்கு ஒன்றாக
நானே இறக்கி விடுவேன்.
அதை யாரும் கேட்பதில்லை.

பொழுது சாய, மரம் மரமாகப் பஞ்சை எடுத்தேன்.
ஒன்று மட்டும் தேனை விட்டு வரவில்லை.
விரலால் தட்டினேன்.
போனது.

ஏழாம் நாள் காலை போன்.
"ஒண்ணும் ஆகலம்மா. ஓலை அப்படியேதான் இருக்கு."
கொஞ்சம் இருமல்.
"ஒரு ஓலையக் கிழிச்சுப் பாத்தேன்.
புழு அசையாமக் கெடக்கு.
முதுகுல சோத்துப் பருக்கையாட்டம் ஏழெட்டு.
பக்கத்துல ஒங்க எறும்பு.
ஊதினேன், போகல.
ஈர்க்குச்சியால தள்ளினேன்.
சுத்தி வந்து அதே எடத்துல நிக்கிது.
என்னம்மா பண்ணுது அங்க?"

"காவல். குஞ்சுக கூடு கட்டுற வரைக்கும்."

போனில் கொஞ்ச நேரம் கடல் மட்டும் கேட்டது.

"கிழிச்சதை நூலு வச்சுக் கட்டியிருக்கேன்,"
என்றார்.
"பரவாயில்லையா?"